இருபது கேள்வி, ஒரு கிளிப்போர்டு: பி.சி.எல்-5 படிவத்தோடு ஏழு வருஷம்

மிக்ஸிக்கும் ஏர் ஃப்ரையருக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிறார்கள். நான் ஏழு வருஷமாகத் தினமும் கையில் எடுக்கிற பொருள் ஒரு தாள். அதற்கும் ஒருத்தர் எழுத வேண்டாமா?

இருப்பது டெக்சஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ. சுற்றிலும் ராணுவ, விமானப்படை முகாம்கள். காபிக் கடை வரிசையில் நின்றால் முன்னாலோ பின்னாலோ ஒரு பட்டாளத்துக்காரர் நிற்பார். ஊருக்கே 'மிலிட்டரி சிட்டி' என்றுதான் பட்டப்பெயர். இங்கே ஒரு சின்ன மனநல கிளினிக்கில் முன்மேசை என்னுடையது. சென்னையில் படித்த எம்.எஸ்சி. உளவியல் இங்கே லைசென்ஸ் வாங்க உதவவில்லை. அதனால் நோயைக் கண்டுபிடிக்கிற வேலை எனக்குக் கிடையாது. படிவத்தைக் கொடுப்பது, திரும்ப வாங்குவது, கூட்டிப்போட்டு டாக்டரிடம் உள்ளே அனுப்புவது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஈராக், ஆப்கானிஸ்தான் போய் வந்தவர்கள். வியட்நாம் தாத்தாக்களும் உண்டு. கீழே நான் சொல்கிற ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.

படிவத்தின் பெயர் பி.சி.எல்-5. போர், விபத்து, வன்முறை மாதிரியான பேரதிர்ச்சிக்கு அப்புறம் வருகிற மன நோயை பி.டி.எஸ்.டி. என்கிறார்களே, அது இருக்கக்கூடுமா என்று பார்க்கிற கேள்வித்தாள். மொத்தம் 20 கேள்வி. வேண்டாத நினைவு திரும்பத் திரும்ப வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா, எதையாவது பார்த்தால் நெஞ்சு படபடக்கிறதா, சட்டென்று திடுக்கிடுகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று போகும். கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு தொந்தரவு செய்தது என்று 0 முதல் 4 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். கூட்டினால் அதிகபட்சம் 80. ஐந்து முதல் பத்து நிமிஷ வேலை. விலை இல்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் தேசிய பி.டி.எஸ்.டி. மையம் உருவாக்கியது, யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைப்பதில் இவ்வளவு உழைப்பு போட்ட பொருள் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

அந்த உழைப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்வி எழுதுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். வட்டமிட்ட எண்களுக்கும் ஆளுக்குள் இருக்கிற நோய்க்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நிரூபிப்பதுதான் வருஷக்கணக்கில் இழுக்கிற வேலை. ஊரில் காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை குத்துவார்கள் இல்லையா, அந்த மாதிரி. முத்திரை குத்த ஒரு சரியான படிக்கல் வேண்டும். இங்கே அந்தப் படிக்கல் கேப்ஸ் என்ற நேர்காணல். இப்போது புழக்கத்தில் இருப்பது கேப்ஸ்-5. பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை கேட்பார். "கனவு வருதா?" என்று கேட்டுவிட்டு விடமாட்டார். மாதத்தில் எத்தனை தடவை, எழுந்த பிறகு மறுபடி தூங்க எவ்வளவு நேரம், பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிட்டீர்களா என்றெல்லாம் தோண்டி, மதிப்பெண்ணை அவரே போடுவார். படிவத்தையும் நேர்காணலையும் ஒரே ஆட்களிடம் நடத்தி, ரெண்டும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்டுகிறது என்று எண்ணிப் பார்ப்பதுதான் சரிபார்ப்பு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் படிக்கல்லும் கடைசியில் ஒரு மனிதர் இன்னொரு மனிதர் சொன்னதைக் கேட்டு எடுக்கிற முடிவுதான். சர்க்கரைக்கு இருப்பது மாதிரி இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. பேச்சை வைத்துத் தாளைச் சரிபார்க்கிறோம், அவ்வளவுதான்.

இந்தத் தாளின் முதல் வடிவம் அறிமுகமானது 1993இல், இதே சான் அன்டோனியோவில் நடந்த ஒரு மாநாட்டில். ஃபிராங்க் வெதர்ஸ் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 123 வியட்நாம் படைவீரர்களிடம் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். அப்போது 17 கேள்வி. மதிப்பெண் 17 முதல் 85 வரை. 50ஐத் தொட்டால் நோய் இருக்கலாம் என்று கோடு போட்டார்கள். அந்தக் கோட்டில், நோய் உள்ளவர்களில் 82 சதவீதம் பேரைத் தாள் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 83 சதவீதம் பேரை இல்லை என்று சரியாக விட்டது.

கேட்க அருமையாக இருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. எங்கள் டாக்டர் ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு பேச்சுக்கு, போரிலிருந்து திரும்பிய 1,000 பேரை வரிசையில் நிறுத்துகிறோம். அதில் 100 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாள் 82 பேரைப் பிடிக்கும். சரி. மிச்சம் 900 பேரில் 17 சதவீதம், அதாவது 153 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். கையில் சிக்கியது 235 பேர். நிஜமாக நோய் உள்ளவர் அதில் 82. மூணில் ஒன்றுதான். அதே தாளை எங்கள் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். தூக்கம் கெட்டு, பெண்டாட்டி அதட்டி, தானாகத் தேடி வந்த 100 பேர். அதில் 60 பேருக்கு நோய் என்று வைத்துக்கொண்டால், 49 பேரைச் சரியாகவும் 7 பேரைத் தவறாகவும் பிடிக்கும். தாளும் அதே, கோடும் அதே. வாசலில் நிற்கிற கூட்டம் மாறினால் அந்த எண்ணின் அர்த்தமே மாறுகிறது. அந்த நாப்கினை ரொம்ப நாள் டிராயரில் வைத்திருந்தேன். கெட்சப் கறையோடு.

அதனால்தான் 2008இல் வந்த ஒரு ஆய்வு எனக்குப் பிடிக்கும். பால் பிளீஸும் குழுவினரும், சிகிச்சை தேடி வந்தவர்களை விட்டுவிட்டு, போர்க்களத்திலிருந்து திரும்பி வேலையில் இருக்கிற 352 சிப்பாய்களிடம் பழைய தாளைச் சோதித்தார்கள். கோடு 50இல் நிற்கவில்லை. 30க்கும் 34க்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. பல வருஷமாக நோயோடு மல்லுக்கட்டிய வியட்நாம் வீரர்களிடம் அளந்த கோட்டை இவர்களிடம் பிடித்தபிடியாகப் பிடித்திருந்தால், பாதி வழியில் இருக்கிற எத்தனையோ பேர் கைநழுவிப் போயிருப்பார்கள்.

2013இல் நோயின் வரையறையே மாறியது. மனநோய்களை வரையறுக்கிற அமெரிக்கக் கையேட்டின் புதிய பதிப்பு, டி.எஸ்.எம்-5, வந்தது, தாளும் 20 கேள்வியாக, 0 முதல் 4 ஆக மாறியது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. இது தெரியாமல் பழைய ஃபைலில் 48 என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, புதிய தாளில் 35 வந்த ஒருவரிடம் "அடடா, நல்லா இறங்கியிருக்கே" என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷமாகப் போனார். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு நான் எண்ணைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

புதிய தாளுக்கு இப்போது சொல்லப்படும் கோடு 31 முதல் 33 வரை. 2016இல் மிஷெல் போவின் என்பவரின் குழு முன்னாள் படைவீரர்களிடம் சோதித்து வந்த எண் அது. ஒரே எண்ணாகச் சொல்லாமல் மூன்று எண் அகலத்துக்குச் சொல்லியிருப்பதே எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஆனால் வருகிறவர்கள் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இணையத்தில் படித்துவிட்டு வந்து, "எனக்கு 30தான் வந்திருக்கு, அப்போ ஒண்ணுமில்லையா?" என்று கேட்பார்கள். பத்தாம் வகுப்பில் 34 மார்க் வாங்கின பையனின் முகம் அப்படியே அவர்கள் முகத்தில் இருக்கும்.

கூட்டுத்தொகை இல்லாமல் இன்னொரு கணக்கும் உண்டு. 2ம் அதற்கு மேலும் வட்டமிட்டவற்றை அறிகுறி என்று எடுத்துக்கொண்டு, நினைவு திரும்புவதில் ஒன்று, நினைவூட்டுகிறவற்றைத் தவிர்ப்பதில் ஒன்று, எண்ணமும் மனநிலையும் மாறுவதில் இரண்டு, விழிப்பும் எரிச்சலும் கூடுவதில் இரண்டு இருக்க வேண்டும். இந்த ரெண்டு கணக்கும் சண்டை போடுகிற தாள்கள்தான் எனக்குச் சுவாரசியம். ஒருவர் மொத்தம் 36 போட்டிருந்தார். ஆனால் தவிர்ப்பதைக் கேட்கிற 6, 7ஆம் கேள்விகள் ரெண்டுக்கும் 1. முதல் கணக்கில் உள்ளே, ரெண்டாவதில் வெளியே. ஏன் என்று டாக்டர் விசாரித்தபோது அவர் சொன்னாராம்: "தவிர்க்கவா? நான் கான்வாய் டிரைவர். தவிர்க்கிறது என் வேலையிலேயே இல்லை." பயந்த இடத்துக்கே மறுநாளும் வண்டி ஓட்டிப் போகப் பழக்கப்பட்ட மனிதரிடம் 'தவிர்க்கிறீர்களா' என்றால் என்ன பதில் வரும்? சார்ல்ஸ் ஹோக் என்ற ராணுவ மனநல மருத்துவரும் குழுவினரும் 2014இல் காலாட்படையினரிடம் பழைய தாளையும் புதியதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளி என்று வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை ரெண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பழைய கணக்கில் நோயாளி என்று வந்தவர்களில் 30 சதவீதம் பேர் புதியதில் இல்லை. அவர்களுக்குப் பதிலாக வேறு ஆட்கள் உள்ளே வந்திருந்தார்கள். பழைய கணக்கில் தவிர்ப்பதைத் தனியாகக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, புதியதில் உண்டு.

குறைகள் இன்னும் இருக்கின்றன. இருப்பதிலேயே மோசமான ஒரே ஒரு சம்பவத்தை மனதில் வைத்துப் பதில் சொல் என்கிறது படிவம். மூன்று முறை களத்துக்குப் போய் வந்தவர் எதை எடுப்பார்? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்து, கிளிப்போர்டை நாற்காலியில் வைத்துவிட்டு, வண்டிக்குப் போய்விட்டவரையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் 17ஆவது கேள்வி: எப்போதும் சுற்றுமுற்றும் உஷாராக இருக்கிறீர்களா? எங்கள் காத்திருப்பு அறையில் வாசலைப் பார்த்த நாற்காலி ஒன்றே ஒன்று. அது எப்போதும் முதலில் நிறைந்துவிடும். அது நோயா, சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பழக்கமா? 19, 20 ரெண்டும் கவனம், தூக்கம். குண்டு வெடித்துத் தலையில் அடிபட்டவருக்கும் அவை ஏறும். குறட்டைக்கு மெஷின் மாட்டிக்கொள்ள வேண்டியவருக்கும் ஏறும். எண் வித்தியாசம் காட்டாது. இருப்பதை விடக் கூட்டிச் சொல்கிறவரைப் பிடிக்கிற பொறியும் இந்தத் தாளில் இல்லை. எல்லாவற்றுக்கும் 4 வட்டமிட்டு 80 வந்தால் தாள் 80 என்றுதான் சொல்லும்.

ஆனால் என் அனுபவத்தில் கூட்டிச் சொல்கிறவர்களை விடக் குறைத்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம். படிவத்தை நீட்டியதும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "பாத்ரூம் எங்கே?" இல்லை. "இதை யார் பார்ப்பாங்க?" அதுதான். அமெரிக்க ராணுவத்தில் களத்திலிருந்து திரும்பும்போதே உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். மனநலக் கேள்விகளும் அதில் உண்டு. ஆமாம் என்று டிக் போட்டால் வீட்டுக்குப் போவது தள்ளிப்போகும், பதவி உயர்வு போகும் என்ற பேச்சு பட்டாளத்தில் ஊறிப்போனது. 2011இல் கிறிஸ்டோபர் வார்னர் குழு ஒரு படைப்பிரிவில் அந்த வழக்கமான படிவத்தையும், பேர் எழுதாத படிவம் ஒன்றையும் கொடுத்துப் பார்த்தது. பேர் இல்லாத தாளில் மனச்சோர்வும் பி.டி.எஸ்.டி.யும் தற்கொலை எண்ணமும் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாக வந்தது. கேள்வி அதேதான், ஆளும் அதேதான். மேலே பேர் எழுதுகிற கோடு ஒன்றுதான் வித்தியாசம். தாளை எத்தனை கேப்ஸோடு ஒப்பிட்டு முத்திரை குத்தினாலும், அது மூடிய அறையில், ஆராய்ச்சியாளர் கையில் குத்திய முத்திரை. கமாண்டர் மேஜைக்குப் போகிற தாளுக்கு அது செல்லாது என்பது என் அபிப்பிராயம்.

பக்கத்துப் பொருளையும் சொல்லிவிடுகிறேன். பி.சி-பி.டி.எஸ்.டி-5 என்று ஐந்தே கேள்வி உள்ள ஒரு குட்டித்தாள் இருக்கிறது, ஆமாம் இல்லை மட்டும். பொது மருத்துவரிடம் முதுகுவலிக்கு வந்தவரைச் சட்டென்று பார்க்க நல்லது. 2021இல் வந்த ஆய்வில் நாலு 'ஆமாம்' என்று கோடு போட்டால் ஆண்களுக்குச் சரியாக இருந்தது, பெண்களில் நிறையப் பேர் தவறிப்போனார்கள். எங்களிடம் வருகிற பெண் படைவீரர்களுக்கு நேரே இருபது கேள்வித் தாளைத்தான் கொடுக்கிறோம்.

தமிழில் இது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்தவர். அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போய் வந்தவர். வேலூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துக்காரர்; யாருக்கும் யாரும் இப்படி ஒரு தாளை நீட்டினதில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழாக்கிக் கேட்டுப் பார்த்தேன். மற்றவர்களிடமிருந்து விலகிப்போன மாதிரி உணர்கிறீர்களா என்பது 13ஆவது. "யாரு விலகிப்போனா? எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போறேனே கண்ணு" என்றார். மொய் வைக்கப் போகிறாரா என்று நான் கேட்டதாக அவர் காதில் விழுந்திருக்கிறது. சந்தோஷம், பாசம் போன்றவற்றை உணர முடியவில்லையா என்பதை எப்படிக் கேட்டாலும் சினிமா வசனமாகிவிட்டது. ஏழாவதுக்கு, அந்த நாட்களை ஞாபகப்படுத்துகிற இடம், ஆள், பொருளை ஒதுக்குகிறீர்களா என்றேன். "சே, அதெல்லாம் இல்ல. ஜீரோ போடு." பின்னாலிருந்து அம்மா குரல் வந்தது: "தீபாவளி அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உள் ரூம்ல உக்காந்திருப்பாரே, அது எதுல வரும்?" எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து அதற்குப் பெயர், 'அப்பாவுக்குப் புகை ஒத்துக்காது'. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, புதிதாக முத்திரை குத்த வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கூட்டிப் பார்த்தால் அப்பாவுக்கு 9. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

சரி, நட்சத்திரம். முதல் தடவை ஆளைப் பார்த்து நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்பு சொல்ல இதை வாங்கினால் மூன்றுதான். இது தீர்ப்பு சொல்கிற பொருளே இல்லை. அந்த நிலையில் இதன் வேலை, இவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று சொல்வது மட்டும். அதே ஆள், அதே தாள், வாரா வாரம் என்றால் ஐந்து. சிகிச்சைக்கு வருகிறவரின் எண் 58, 55, 56, 47 என்று நகர்வதைப் பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவர் தன் பழைய தாள்களை வாங்கி மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தார். கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, கெட்ட கனவைக் கேட்கிற ரெண்டாவது கேள்வியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்: 4, 4, 4, 3, 4, 2. "இந்த ரெண்டு வந்த வாரம் என் பொண்டாட்டி திரும்ப எங்க ரூமுக்கே படுக்க வந்தா" என்றார்.

வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. பென்சில் கொடுக்காதீர்கள், பேனா கொடுங்கள். 3ஐ வட்டமிட்டு, அடித்து, 1ஐ வட்டமிட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் 1 என்றுதான் கூட்டுவேன். ஆனால் அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்து உள்ளே அனுப்புவேன். டாக்டர் அந்தப் புள்ளியிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். அடுத்த மாதம் முதல் எங்கள் கிளினிக்கில் டேப்லெட் வருகிறது. தொட்டால் போதும், கூட்டலும் அதுவே போட்டுக்கொள்ளும். அடித்து மாற்றினது எதுவும் அதில் தெரியாது. கீழ் டிராயரில் இருநூறு தாள் அச்சடித்து வைத்திருக்கிறேன்.